ஏரியின் பயனை ரூபாயில் மதிப்பிட எந்த முறை?

கேள்வி: காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஏரி. மீன், நிலத்தடி நீர் இரண்டுக்கும் மதிப்பு காட்டணும். எந்த முறை பொருந்தும்?

பதில்: மீனுக்குச் சந்தை விலை போதும். குஞ்சு, வலை, கூலிச் செலவைக் கழியுங்க. மீன்பிடி உரிமைக்கான ஏலத்தொகையைத் தனியாகக் கூட்டாதீங்க; ஒரே பணம் இரண்டு தடவை வந்துடும்.

பதில்: நிலத்தடி நீர்தான் சிக்கல். பருவமழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தை, மோட்டாரை நிறுத்தி ஒரு இரவு கழித்து அளங்க. ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் கிணற்றின் ஏற்றத்தைக் கழிச்சுடுங்க, அது மழையோடது. மிச்சம் 2 மீட்டர், ஏரியால் மட்டம் ஏறும் நிலப்பரப்பு 100 ஹெக்டேர், நீர் தரும் திறன் (பாறை அல்லது மணலின் கன அளவில் வடிந்து வெளியே வரும் நீரின் பங்கு) 2% என்றால் 40,000 கனமீட்டர். நம்ம பக்கம் சிதைந்த பாறை. பாலாற்று மணலுக்கான 16% போட்டால் எட்டு மடங்கு ஊதிடும்.

கேட்டவர்: நன்றிங்க. விலை?

பதில்: அதே தண்ணீரை லாரியில் வாங்கும் செலவைப் போடாதீங்க, பாசனத்துக்கு யாரும் அப்படி வாங்குறதில்லை. அந்தத் தண்ணீரால் வரும் கூடுதல் விளைச்சலின் நிகர வருமானமே நியாயம்.