ரெகே பாடலைப் பியானோவில் வாசிக்க வழிகாட்டுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கும் நான், பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆலயத்தில் பாமாலைகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் கீபோர்டு வாசித்து வருகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டுக்கொண்டதற்காக, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில் புகழ்பெற்ற பாப் மார்லியும் தி வெய்லர்ஸ் குழுவினரும் 1977-இல் வெளியிட்ட எக்ஸோடஸ் தொகுப்பில் உள்ள ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ பாடலைக் கற்கத் தொடங்கினேன்.

ஏ, டி, ஈ என மூன்றே மேஜர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) தாம்; ஆகவே ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணியது என் பேதைமை. நான்கு தட்டுகள் கொண்ட தாளத்தில் வலக்கை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் கார்டைச் சுருக்கென்று தொட்டு, சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல உடனே விலக வேண்டியிருக்க, பாமாலையில் பழகிய என் கையோ முதல் தட்டிலேயே அழுத்தமாக இறங்கி, அடுத்த தட்டு வரும்வரை எழ மறுக்கிறது. வலக்காலும் கேளாமலே ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்துவிடுவதால், ரெகேவின் உயிரான அந்த இடைவெளி மங்கிப்போகிறது. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் இதை எளிதில் பிடித்துவிடுவார் என்றே தோன்றுகிறது.

இடக்கையில் பேஸ் வரிசையை (கீழ்ச்சுர வரிசையை) வாசிப்பதா, அல்லது ஆர்கனில் ‘பப்புள்’ என்று சொல்லப்படும், அரைத்தட்டுகளில் துள்ளும் நடையை வாசிப்பதா? தாள அளவு காட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலியை இரண்டிலும் நான்கிலும் வைத்துப் பழகுவது பயன் தருமா? ரெகே வாசித்த அனுபவமுள்ளவர்கள், முதலில் எந்தக் கையைத் தனியாகப் பழக்க வேண்டும் என்பதையாவது தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.