'போயிருக்கிறேன்' என்றால் எப்போதும் 'ஹேவ் கான்' தானா?

தேர்வுக்குருவி:
எரர் ஸ்பாட்டிங்கில் (வாக்கியத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் தேர்வுக் கேள்வி) ஒரு வாக்கியம்: "ஐ ஹேவ் விசிட்டட் ஊட்டி இன் 2019." 'ஹேவ்' வரக்கூடாது, வெறும் 'விசிட்டட்' போதும் என்று விடைத்தாளில் போட்டிருக்கிறார்கள். தமிழில் "2019ல் ஊட்டிக்குப் போயிருக்கிறேன்" என்று தாராளமாகச் சொல்கிறோமே? 'இருக்கிறேன்' வந்தால் ஹேவ், 'இருந்தேன்' வந்தால் ஹேட் என்றுதான் என் நோட்ஸில் இருக்கிறது. அதை நம்பி "போன வாரம் சென்னைக்குப் போயிருந்தேன்" என்பதற்கு "ஐ ஹேட் கான் டு சென்னை லாஸ்ட் வீக்" என்று எழுதினால் அதுவும் தப்பாம். இந்தச் சூத்திரம் எங்கே இடிக்கிறது?

திண்ணைவாசி:
முதல் வேலையாக நோட்ஸில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பாதி இடத்தில் சரியாக வரும், அதனால்தான் ஆபத்து.

தமிழ் 'போயிருக்கிறேன்' என்பது "அந்த அனுபவம் என் கணக்கில் உண்டு" என்கிறது. பக்கத்தில் தேதி நின்றாலும் அதற்குக் கவலையில்லை. ஆங்கில ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் (ஹேவ் அல்லது ஹேஸோடு வரும் 'ஹேவ் விசிட்டட்' போன்ற வடிவம்) அப்படியில்லை. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வீட்டில் இருக்காது. எனவே வினைமுற்றைப் பார்க்காதீர்கள், காலச்சொல்லைப் பாருங்கள். 'எப்போது' என்ற கேள்விக்கு முடிந்த காலம் ஒன்று பதிலாகக் கிடைக்கிறதா? யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ, வென் ஐ வாஸ் எ சைல்ட்... இதில் எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹேவ் இல்லாத வெறும் 'விசிட்டட்', 'வென்ட்'. காலமே சொல்லாவிட்டால் "ஐ ஹேவ் விசிட்டட் ஊட்டி" அருமையான வாக்கியம். எவர், நெவர், யெட், சோ ஃபார் போன்றவை பெரும்பாலும் பெர்ஃபெக்ட்டுக்குச் சொந்தக்காரர்கள்.

இடையில் நிற்பவை டுடே, திஸ் வீக், திஸ் மார்னிங். அந்தக் காலம் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். காலை 10 மணிக்கு "ஹேவ் யூ சீன் த பேப்பர் திஸ் மார்னிங்?" சரி. அதையே மாலை 4 மணிக்குக் கேட்டால் "டிட் யூ சீ...". 'வென்' என்று தொடங்கும் கேள்வி முடிந்த நேரத்தைத்தான் கேட்கிறது, ஆகவே "வென் டிட் யூ கம்?". "வென் ஹேவ் யூ கம்?" கிடையாது.

ஆங்கிலச் செய்தியைக் கவனித்தால் இது நன்றாகப் பிடிபடும். முதல் வரி பெரும்பாலும் "எ ஃபயர் ஹேஸ் ப்ரோக்கன் அவுட்" என்று வரும். எத்தனை மணிக்கு, எந்த மாடியில் என்று விவரம் தொடங்கியதும் "இட் ஸ்டார்ட்டட் அட் 3" என்று சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

அடுத்து 'போயிருந்தேன்'. தமிழில் இது பேச்சை எடுக்கும் வாசல்: "போன வாரம் சென்னை போயிருந்தேன், அங்கே பாத்தீங்கன்னா..." ஆங்கிலத்தில் அதற்கு "ஐ வென்ட் டு சென்னை லாஸ்ட் வீக்" போதும். ஹேட் வர வேண்டுமானால், இறந்தகாலத்தில் இன்னொரு புள்ளி இருந்து, இது அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். "வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்." நாம் போகும் முன்பே ரயில் கிளம்பியாச்சு. அங்கே ஹேட்டை எடுத்துவிட்டு "த ட்ரெயின் லெஃப்ட்" என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியது என்று பொருள் மாறிவிடும். ஒரே சம்பவத்துக்கு ஹேட் போடுவது இந்திய ஆங்கிலத்தின் பழைய வியாதி.

மிளகுரசம்:
மேலே சொன்னதோடு இரண்டு இடங்கள்.

"அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்" என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலம் இரண்டு. இப்போது அங்கேதான் இருக்கிறார், இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹேஸ் கான் டு டெல்லி". எப்போதோ போய்விட்டுத் திரும்பிவிட்டார் என்றால் "ஹேஸ் பீன் டு டெல்லி". எதிரில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் "ஐ ஹேவ் கான் டு டெல்லி ட்வைஸ்" என்று சொல்வது இந்தக் குழப்பத்தால்தான்.

இரண்டாவது, "மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்." தமிழில் நிகழ்காலம். அப்படியே பெயர்த்தால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்", ஒரே வரியில் இரண்டு பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்ந்தால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. ஃபாரா சின்ஸா என்பதற்குத் தமிழே கைகொடுக்கும்: 'ஆக' என்று முடிந்தால் ஃபார், 'இலிருந்து' என்று முடிந்தால் சின்ஸ். மூன்று வருடமாக, ஃபார் த்ரீ இயர்ஸ். 2021லிருந்து, சின்ஸ் 2021.

ஃபாரைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஹேவ் போடாதீர்கள். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" சரியான வாக்கியம். வேலையை விட்டாயிற்று என்று பொருள்.

கடைசிபெஞ்ச்:
அமெரிக்கத் தொடர்களில் "ஐ ஆல்ரெடி ஏட்", "டிட் யூ ஈட் யெட்?" என்றெல்லாம் பேசுகிறார்களே, அதெல்லாம் தப்பா?

திண்ணைவாசி:
தப்பில்லை. ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றோடும் அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்ட் சகஜமாகப் பேசுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அங்கே பெர்ஃபெக்ட். நம் ஊர்த் தேர்வுகளுக்குப் பிரிட்டிஷ் வழக்கே பாதுகாப்பு. ஆனால் "ஹேவ் விசிட்டட் இன் 2019" இரண்டு நாட்டிலும் செல்லாது.

தேர்வுக்குருவி:
மூன்று எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்.
காலையிலிருந்து படிக்கிறாள்: "ஷி இஸ் ஸ்டடியிங் சின்ஸ் மார்னிங்."
நேற்று நான் போனபோது அவர் சாப்பிட்டிருந்தார்: "வென் ஐ வென்ட் தேர் யெஸ்டர்டே, ஹி ஹேட் ஈட்டன்."
இந்த மாதம் இரண்டு முறை வந்திருக்கிறார்: "ஹி ஹேஸ் கேம் ட்வைஸ் திஸ் மந்த்."

மிளகுரசம்:
முதலாவதில் சின்ஸ் சரி, வினை தப்பு: "ஹேஸ் பீன் ஸ்டடியிங்". இரண்டாவது அப்படியே விடலாம். 'யெஸ்டர்டே' இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அந்தத் தடை ஹேவ், ஹேஸ் இரண்டுக்கும்தான், ஹேட்டுக்கு இல்லை. 'ஆல்ரெடி' சேர்த்து "ஹேட் ஆல்ரெடி ஈட்டன்" என்றால் இன்னும் தெளிவு. மூன்றாவதில் காலத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், மாதம் இன்னும் முடியவில்லை. சறுக்கியது வினையின் மூன்றாம் வடிவத்தில்: கம், கேம், கம். ஆகவே "ஹேஸ் கம்". ரன், ரேன், ரன் என்பதும் பிகம், பிகேம், பிகம் என்பதும் இதே சாதி. மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணிவிடுங்கள்.