நீல டிக் விழுந்த இரவு

நிலாவெளியான்:
எங்கள் உற்பத்தி மனேஜர் இப்போது திருகோணமலையில் இல்லை. கொழும்பில் இருந்தபடி நாலு ஆலையைப் பார்க்கிறார். போன வருடம் ஒரு நைட் ஷிப்ட். கூலிங் வாட்டர் பம்ப் உறுமத் தொடங்கியது. போமன் அண்ணை நீளமான ஸ்குரூ டிரைவரை பெயரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். "தம்பி, நிப்பாட்டுங்கோ. மற்றதைப் போடுவம்." ஸ்டான்ட்பை பம்ப் பக்கத்திலேயே சும்மா நிற்கிறது. நானோ வீடியோ எடுத்து மனேஜருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். திரையில் அதிர்வு அளவு பச்சைதான். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதற்குள் பெயரிங் இறுகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. அண்ணை ஒன்றும் பேசாமல் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

கோணமலை:
சீனக்குடாவின் 99 பழைய எண்ணெய்த் தாங்கிகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு, பழையதென்றால் உறுதி என்றொரு நினைப்பு. என் பழைய மனேஜர் ஜீப்பில் வந்திறங்கி, "இந்த லைனை அங்கே குடு" என்று கையால் காட்டுவார். படமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் 1974இல் ஐந்தாவது ரியாக்டரைக் கழற்றிவிட்டு, பட்டறைத் தரையில் சோக்கால் கீறிய படத்தை வைத்துத்தான் பைபாஸ் குழாய் போட்டார்கள். அது உடைந்து ஆலை வெடித்ததில் 28 பேர் செத்தார்கள். ஆலையில் எதையும் மாற்றமுதல் படிவம் நிரப்பும் முறை வந்தது சும்மா இல்லை.

உப்புவெளி மாமா:
சரி, ஆனால் அந்தப் படிவம் குழாயை மாற்றினால்தான் கேட்கும். எங்கள் இடத்தில் ஒரு வால்வ் மாற்ற ஐந்து கையெழுத்து. ஷிப்டில் மூன்று பேரை இரண்டாக்க ஒரு ஈமெயில் போதுமாக இருந்தது.

தம்பி நிலாவெளியான், பம்பை நிறுத்தும் அதிகாரம் இரவில் யாருக்கென்று எழுத்தில் வாங்குங்கோ. வட்ஸ்அப் லொக் புத்தகம் ஆகாது; நேரத்தைப் போட்டுக் கையால் எழுதுங்கோ. ஆளைக் குறைத்தால், அவர் செய்த வேலைகளை முதலில் பட்டியல் போடவேணும். இரண்டு அலாரம் ஒன்றாக அடித்தால் பனலில் யார், வெளியே யார்? போபாலில் 1984இல் வாயு கசிவதற்கு முன்பே ஷிப்ட் ஆட்களைக் குறைத்திருந்தார்கள், தாங்கியின் குளிரூட்டியையும் நிறுத்தியிருந்தார்கள். இரண்டுமே செலவு மிச்சம் பிடிக்கிற கணக்குத்தான். அப்புறம், காதுக்குக் கவசம் போடுங்கோ.

நிலாவெளியான்:
மாமா, நான் ஆலோசனை கேட்கவில்லையே! கோணமலை அண்ணா, பழைய காலத்தை நான் புகழவும் இல்லை. பச்சை ஏன் என்று பிறகு போய்ப் பார்த்தேன். சென்சர் மோட்டரில் இருக்கிறது, பம்பில் இல்லை. கொழும்புக்கு எழுதிப் போட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது.