கூட வேலை பார்த்த சிஸ்டர்கள்: மனசை விட்டுப் போகாத ஒன்று

ஆர்த்தோ_நைட்:
நைட் ட்யூட்டி முடித்துக் காலையில் ஓவர் கொடுக்கிறேன், அதாவது அடுத்த ஷிப்டுக்கு பேஷன்ட்டுகளை ஒப்படைக்கிறேன். 14ஆம் பெட் தாத்தாவுக்கு அன்றைக்கு ஆபரேஷன், என்பிஓ, அதாவது வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. வாயாலும் சொன்னேன், ரிப்போர்ட் புக்கிலும் எழுதியிருந்தேன். ஓவர் எடுத்த சீனியர் தலையாட்டினார். பாக்கி எழுத்து வேலையை முடித்துக் கிளம்புவதற்குள் தியேட்டரிலிருந்து போன். தாத்தா டீயில் பன்னை முக்கிச் சாப்பிட்டிருக்கிறார். மயக்க டாக்டர் கேஸைத் தள்ளிவிட்டார். இன்சார்ஜ் கேட்டதும் சீனியர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஓவர்ல சொல்லவே இல்லையே மேடம்" என்றார். புக்கை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

சரி, அது கூடப் போகட்டும். ஓவர் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்றவள் என் பேட்ச்மேட். ஒரே ஹாஸ்டல், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். டேபிளில் காஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இன்சார்ஜ் "நீ இருந்தியா?" என்று அவளையும் கேட்டார். "கவனிக்கலை மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து, மூலைக்கு மூலை சரியாக வைத்து மடித்தாள். அந்த மடிப்புதான் கண்ணிலேயே நிற்கிறது. இப்போதும் பேசுகிறோம், அவள் கல்யாணத்துக்கும் போனேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

கோவை_ஐசியூ:
என்னுடையது நல்ல அனுபவம், ஆனாலும் உறுத்துகிறது. எங்கள் வார்டில் இன்சுலின் குப்பி எல்லாம் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு பேஷன்ட்டின் மகன் வெளி மெடிக்கலில் ஆரஞ்சு மூடி வாங்கி வந்துவிட்டார், அது ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு உரியது. புதிதாகச் சேர்ந்த பெண் அதில் 20 என்ற கோடு வரை இழுத்துவிட்டாள். உள்ளே போயிருந்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான். எங்கள் சீனியர், கோட்டயத்துச் சேச்சி, டிரேயில் கிடந்த ஆரஞ்சு மூடியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "மோளே, 6ஆம் பெட்டில் டிரிப் தீரப் போகுது, பார்" என்று அவளை அனுப்பிவிட்டு, தானே மாற்றி இழுத்துப் போட்டார். அப்புறம் ஸ்டோர் ரூமில் இரண்டு மூடியையும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார், அவ்வளவுதான். வெளியே யாருக்கும் தெரியாது. சேச்சி அயர்லாந்து போய்விட்டார். இப்போது வருகிற புதுப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

2015_எம்ஆர்பி:
ஆர்த்தோ சிஸ்டர், அந்தத் தோழி பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். எம்ஆர்பி என்ற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இன்சார்ஜ் முகம் சுளித்தால் அது எங்கே போய் முடியுமோ என்றே ஓடிய காலம்.

2017 நவம்பரில் நிரந்தரம் கேட்டு சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தோமே, அதற்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி. எங்கள் வார்டு பர்மனென்ட் அக்கா ஒருத்தர், என்னோடு ஒரு நாளும் சிரித்துப் பேசாதவர், 500 ரூபாயை என் பையில் திணித்து, "போங்கடி, நான் டபுள் ட்யூட்டி பார்த்துக்கறேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்த அன்று எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலின் ஊசி மருந்து ஒன்று குறைகிறது என்று அதே அக்கா அட்டெண்டர்கள் முன்னால் என்னை வறுத்து எடுத்தார். ஊரில் இல்லாத நாட்களுக்கு நான் எப்படிக் கணக்கு சொல்வது? அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஓய்வு_சூப்பிரண்டு:
பிள்ளைகளா, எல்லாவற்றையும் படித்தேன். என்னோடு சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாத ஒரு சிஸ்டர் இருந்தார். ஓவரை மட்டும் ஒரு வரி விடாமல் சிவப்பு மையில் எழுதி, என் பக்கம் நோட்டைத் தள்ளுவார். அவர் ஷிப்டுக்கு அப்புறம் வந்தால் எனக்குப் பயமே இருக்காது.

இப்போது ஆர்த்தோ பெண்ணுக்கு. ஓவரை டேபிளில் நின்று கொடுக்கவே கூடாது. பெட் பெட்டாக நடந்து, பேஷன்ட் காதில் விழும்படி கொடு. எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கு. என்பிஓ என்றால் கட்டிலில் அட்டை மாட்டு, கூட இருக்கும் சொந்தக்காரரிடம் காரணத்தோடு சொல்லு, சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவரிடமும் சொல்லு. மயக்க மருந்துக்கு முன் திட உணவை நிறுத்தி 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பொட்டாசியம் குளோரைடை மற்ற ஆம்ப்யூலோடு வைக்காதே, தனியாகப் பூட்டு. கலக்கும்போது இரண்டு பேர் பார்க்க வேண்டும், கலக்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் ஒருபோதும் போடக் கூடாது.

கோவை பெண்ணே, உன் சேச்சி செய்தது எனக்கு உடன்பாடு இல்லை. ஊசி போடும் முன் பிடித்திருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியிருந்தால் வார்டில் ஆரஞ்சு மூடியே நுழையாதபடி செய்திருப்பார்கள். அன்பு காட்டினார், சரி, அடுத்த பெண்ணை யார் காப்பாற்றுவது?

அப்புறம், எல்லோரும் இப்போதே நரம்புச் சுருட்டு சாக்ஸ் போட ஆரம்பியுங்கள். நான் ஐம்பதுக்கு மேல்தான் போட்டேன். பிஎஃப் பணத்தை நடுவில் எடுக்காதீர்கள்.

கோவை_ஐசியூ:
மேடம், மருத்துவமனைத் தரச் சான்றுக்கான என்ஏபிஎச் ஃபைலில் எல்லாம் அழகாக இருக்கிறது, குற்றம் சாட்டாத ரிப்போர்ட் என்று. நடைமுறையில் எழுதியவள் பெயர் மத்தியானமே கேன்டீனில் ஓடும். அந்த மாசச் சம்பளத்தில் பிடித்தமும் இருக்கும். சேச்சிக்கு அது தெரியும்.

ஓய்வு_சூப்பிரண்டு:
பிடித்தம் செய்தால் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொருத்தரும் ஒளித்து வைத்தால் பிடித்தம் எப்படி நிற்கும்?

ஆர்த்தோ_நைட்:
எனக்கு ஓவர் கொடுக்கத் தெரியும் மேடம். நான் கேட்டது அது இல்லை. 2015 அக்கா, அவளும் நானும் இரண்டு பேருமே காண்ட்ராக்ட். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பர்மிங்ஹாம்_பஸ்:
இங்கே வந்த புதிதில் வார்டு மேனேஜர் உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார், யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று! அப்புறம் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். நான் சீனியர் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் இங்கேயும் முதுகுக்குப் பின்னால் மின்னஞ்சல் போகும், ரொம்பப் புகழாதீர்கள்.

புதுசா_சேர்ந்தவள்:
சூப்பிரண்டு மேடம், அந்த சாக்ஸ் முழங்கால் வரைக்குமா, தொடை வரைக்குமா? எங்கள் வார்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். அதிலும் இன்சார்ஜ் சிஸ்டரின் ஹேண்ட்பேக்தான் உட்கார்ந்திருக்கிறது.