ஃபோன் கீழே இருந்தால் வாட்ச்சில் மோட்டாரை நிறுத்த முடியவில்லை, உதவுங்கள்

கேள்வி:
அம்மாவுக்கு முழங்கால் வலி. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போதுதான் தொட்டி வழிவது தெரியும். உடனே இறங்கி வந்து மோட்டாரை நிறுத்த வேண்டும். அதற்காகவே வைஃபை ஸ்விட்ச் போட்டு, வேர் ஓஎஸ் (கூகுளின் ஸ்மார்ட்வாட்ச் மென்பொருள்) வாட்ச்சும் வாங்கிக் கொடுத்தேன். ஃபோன் பக்கத்தில் இருந்தால் தொட்டதும் மோட்டார் நிற்கிறது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனால் 'இணைப்பு இல்லை' என்கிறது. மாடியில் ஃபோனுக்கு வைஃபை நன்றாகவே கிடைக்கிறது. ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர்.

பதில் 1:
ஃபோன் அருகில் இருக்கும்வரை வாட்ச் ப்ளூடூத் வழியாக ஃபோனின் இணையத்தைத்தான் பயன்படுத்தும். பேட்டரியை மிச்சப்படுத்த அதன் சொந்த வைஃபை அணைந்தே இருக்கும். ப்ளூடூத் விட்டுப்போன பிறகுதான் வைஃபையைத் தேடும். பல வாட்ச்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. உங்கள் ஃபோன் அந்தப் பெயரில் இணைந்திருக்கிறதா? வாட்ச்சில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, வைஃபை அமைப்பில் 2.4 பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்ட் போட்டுப் பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க் வேண்டாம்.

கேட்டவர்:
ஆமாம், ஃபோன் 5-இல்தான் இருந்தது. 2.4 பெயரை வாட்ச்சில் சேர்த்தேன். இப்போது ஃபோன் இல்லாமலே மாடியிலிருந்து மோட்டார் நிற்கிறது, இணைய கொஞ்ச நேரம் எடுக்கிறது. மிக்க நன்றி!

பதில் 2:
அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும். ப்ளூடூத்திலிருந்து வைஃபைக்கு மாறும் நேரம் அது. அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள்.

எனக்கு மோட்டாரைப் பற்றித்தான் கவலை. வைஃபை ஸ்விட்சை நேராக மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறீர்களா? 1 ஹெச்பி என்றால் ஏறக்குறைய 746 வாட், ஆனால் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டால், வாட்ச்சில் 'ஆஃப்' என்று காட்டினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போடுங்கள். ஸ்விட்ச் கான்டாக்டரின் காயிலை (அதை இயக்கும் மின்காந்தச் சுருளை) மட்டும் இயக்கினால் போதும், மோட்டாரின் பாரத்தைக் கான்டாக்டர் தாங்கும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு பெரும்பாலும் ஆப்பில் இருக்கும். அதைக் கட்டாயம் 'ஆஃப்' ஆக்குங்கள். யாரும் இல்லாதபோது மோட்டார் தானாக ஓடக்கூடாது.

கேட்டவர்:
நேராகத்தான் கொடுத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிவிட்டேன், 'ஆஃப்' அமைப்பையும் மாற்றிவிட்டேன். கான்டாக்டர் போடும்வரை மோட்டாரைப் பழைய ஸ்டார்ட்டரிலேயே போடுகிறோம்.