மறு: 'எடை தாங்கும் பயிற்சி'க்கு வேறு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

வணக்கம். ஆண்களின் எலும்பு உறுதி பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது, அதை உணர்ந்துதான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, ஆனால் எலும்புக்கு இந்த வேலையைச் செய்வதில்லை. ஓட்டம் போலக் கால் எலும்பில் உடல் எடை இறங்கும் பயிற்சியை (weight-bearing exercise) மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் சொல் கேட்கிறேன். 'எடை தாங்கும் பயிற்சி' என்று எழுதி, சிகிச்சைக்கு வந்த ஒருவரிடம் காட்டினேன். "டம்பெல் எத்தனை கிலோ வாங்கணும் சார்?" என்றார்.

---

> 'நிறை தாங்கு பயிற்சி' சரிவராதா?

யாழ்ப்பாணத்தில் சரிவரும், எங்கள் பாடநூலில் எடையைத்தான் நிறை என்போம். தமிழ்நாட்டில் நீங்கள் நிறை (mass) என்பது எங்களுக்குத் திணிவு. இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல்லாகப் பாருங்கள்.

---

> 'மிதிபயிற்சி' என்று வைக்கலாம்.

வேண்டாம் ஐயா. மிதிவண்டிதான் முதலில் நினைவுக்கு வரும், நாம் விலக்க நினைப்பதே அதைத்தான். என் வாக்கு 'ஊன்றுபயிற்சி'க்கு. கால் முறிந்து கட்டுப் போட்டவரிடம் மருத்துவர் என்ன சொல்கிறார்? "ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது", அப்புறம் "இனி ஊன்றலாம்". எலும்பில் எடை இறங்குவதற்கு மக்கள் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, நாம் ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? வினைத்தொகை, ஊறுகாய் போல. நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. அளவுக்கு மீறி ஓடி, சாப்பாட்டையும் குறைத்தால் ஆண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கி எலும்பு மெலியும், கீறல் விழும். அந்தக் கீறலை (stress fracture) 'அழுத்த முறிவு' என்றால் ஒரே அடியில் முறிந்ததாகப் படுகிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் இருப்பது இது போன்றதுதான், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும், அதாவது முறியும். அந்த 'இறு'வை எடுத்து 'இறுமுறிவு' எனலாம்.

---

'இறுமுறிவு' யாருக்கும் புரியாது, இறுதி முறிவு என்று படிப்பார்கள். 'ஊன்று' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தண்டாலில் கையை ஊன்றுகிறோமே, அதுவும் இதில் சேருமா?

---

மணிக்கட்டு எலும்புக்குச் சேரும், இடுப்புக்கும் தொடைக்கும் சேராது. அதனால் 'காலூன்று பயிற்சி' என்றே போடுகிறேன், நேற்றிரவு வரை ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். முறிவுக்கு 'அழுத்த முறிவு' அப்படியே இருக்கட்டும், நேரமில்லை.

---

'காலூன்று' என்றால் ஊன்றுகோல்தான் கண்ணில் நிற்கிறது. முப்பது வயதுக்காரன் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவான். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.