பேனாவோடு வரும் சின்ன பட்ஜெட் டேப்லெட்: பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணக்கு மிஸ், திருச்சி

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று 8 இன்ச் டேப்லெட் ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘ஸ்டைலஸ் சப்போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்தது ரப்பர் முனை வைத்த குச்சி. தொகையிடல் நடத்திக்கொண்டிருந்தேன். மேல் எல்லையைப் பிரதியிடும் நேரத்தில் உள்ளங்கை திரையில் பட்டது. பக்கம் சுருங்கி ஒரு மூலைக்கு ஓடிவிட்டது, நடுவில் குறுக்கே ஒரு கோடு. இழுத்துச் சரிசெய்தால் மறுபடியும் அதே கதை. ஒரு பையன், “மிஸ், கையத் தூக்கிக்கிட்டு எழுதுங்க” என்றான். மீதி வகுப்பு முழுக்க அப்படித்தான் எழுதினேன். அந்தக் கணக்கின் கடைசி இரண்டு வரி பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. கையை ஊன்றி எழுதுகிற மாதிரி, விலையும் கட்டுப்படியாகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

கோட்டோவியன்

மிஸ், ரப்பர் முனைக் குச்சியும் விரலும் அந்தத் திரைக்கு ஒன்றுதான். அழுத்தம் தெரியாது, உள்ளங்கையைத் தனியாகப் பிரிக்கவும் தெரியாது. நீங்கள் தேட வேண்டியது ஆக்டிவ் பேனா, அதாவது விரலிலிருந்து பிரித்துத் திரை தனியாக அடையாளம் காணும் மின்னணுப் பேனா. ஆனால் அதிலும் கவனம் வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் விலை குறைந்த ஆக்டிவ் பேனா டேப்லெட்டைக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன், பிரமாதம். அப்புறம் பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் சாய்வாக வைத்து, மெதுவாக ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேலை ஒட்டி இழுத்த கோடு பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. கடைக்காரர், “யார் சார் இவ்வளவு மெதுவா வரையப் போறாங்க?” என்றார். நான்தான் வரைவேன். கோயில் சிற்பங்களைப் பார்த்துக் கோட்டோவியம் போடுகிறவன் நான். ஒரு சிலம்பின் வளைவை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்க முடியும். வேகமாகக் கிறுக்கினால் மென்பொருள் கோட்டைச் சீராக்கிக் காட்டிவிடும், மெதுவாக இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். ஸ்கேல் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ரயிலில் வாசிப்பவள், சிங்கப்பூர்

சாம்சங் 2019-ல் 8 இன்ச் கேலக்ஸி டேப் ஏ ஒன்றை எஸ் பென் என்ற தன் பேனாவோடு விட்டது. 3 ஜிபி ராம், 32 ஜிபி இடம், பேனா உடம்புக்குள்ளேயே சொருகிக்கொள்ளும். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே அதில் பிடிஎஃப் ஓரத்தில் குறிப்பு எழுதுவேன்.

ஒரு நாள் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பேனா எழுதவே இல்லை. அடிக்கோடு போட்டால் அந்த இடத்துக்கு வந்ததும் அறுந்துவிடும். விரலால் தொட்டால் அதே இடம் நன்றாக வேலை செய்கிறது. பேனா போச்சு என்றே நினைத்தேன். உட்கார இடம் கிடைத்ததும் உறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எழுதினேன், கோடு முழுசாக வந்தது. உறையை மூடிப் பிடிக்கிற காந்தம் சரியாக அந்த ஓரத்தில் இருந்தது. இந்த வகைப் பேனாவில் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் உள்ள தகடு வெளியிடும் காந்தப்புலத்தில்தான் பேனாவுக்குள் இருக்கும் சுருள் உயிர் பெறும். பக்கத்தில் காந்தம் இருந்தால் குழம்பிவிடும். மலிவு உறை வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

சர்வீஸ் அண்ணாச்சி

என் கதை சின்னது. ஒரு கல்லூரிப் பெண் டேப்லெட் கொண்டுவந்தார், கண்ணாடியில் மெல்லிய கீறல்கள். காகிதம் போல இருக்கும் என்று சொரசொர ஷீட் ஒட்டியிருக்கிறார், அது பேனா முனையைத் தின்றுவிட்டது. முனை தேய்ந்தது தெரியாமல் எழுதியதில் ஷீட்டும் கிழிந்து கண்ணாடியும் போயிற்று.

கோட்டோவியன் தம்பி சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்கேல் வைத்துப் பார்ப்பது படம் போடுகிறவர்களுக்கு. பாடம் எடுப்பவருக்கு எழுத்து முக்கியம். சின்ன அளவில் ‘ண’, ‘ஞ’ எழுதிப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தால் போதும். உள்ளங்கையை முழுசாக ஊன்றி ஒரு பத்தி எழுதுங்கள். பேனாவைத் திரைக்குச் சற்று மேலே பிடித்தால் புள்ளி தெரிகிறதா, அது முனைக்கு நேர் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். தள்ளி நின்றால் பின்னத்தில் தொகுதி எது, பகுதி எது என்று தடுமாறுவீர்கள். 4096 அழுத்த நிலை என்று விளம்பரத்தில் வருவது கணக்கு எழுத அவசியமே இல்லை. பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள், பட்ஜெட் இடிப்பது அங்கேதான். மாற்று முனை கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில பேனாக்களுக்கு ஏஏஏஏ என்ற ஒல்லியான பேட்டரி வேண்டும், அது பெட்டிக்கடையில் கிடைக்காது. சிங்கப்பூர் அம்மா சொன்ன 8 இன்ச்சை இப்போது பழையதாகத்தான் தேட வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் பாருங்கள். 10.4 இன்ச், எஸ் பென் பெட்டியிலேயே இருக்கும். முதலில் 2020-ல் வந்தது, 2022-லும் 2024-லும் புது சிப் போட்டு மறுபடி விட்டார்கள். எந்த வருடத்து மாடல் என்று கேட்டு வாங்குங்கள்.

கோட்டோவியன்

அண்ணாச்சி, மிஸ் வரைபடம் போட மாட்டாரா? எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, பரவளையம் எல்லாம் மெதுவாகத்தானே இழுக்க வேண்டும்? நெளிந்த பரவளையத்தைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன படிப்பார்கள்? ஸ்கேல் அவருக்கும் வேண்டும்.

கணக்கு மிஸ், திருச்சி

வரைபடம் வாரத்துக்கு ஒரு முறையாவது வரும், அதனால் ஸ்கேலையும் எடுத்துப் போகிறேன். அண்ணாச்சி, 10.4 இன்ச் என்றால் ஒரு கையில் பிடித்து எழுத முடியாதே, மேசையில் சாய்த்து வைக்க எந்த ஸ்டாண்ட் ஆடாமல் நிற்கும்? அதில் காந்தம் இருந்தால் பரவாயில்லையா?